டப்பா திரும்பி வந்தது!

*தாம்பூலத்தில் இனி கைவேலை... செலவு கம்மி, நேரம்?*

போன நவராத்திரி, ஆறாம் நாள். மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட். ஹாலை அடைத்துக்கொண்டு ஏழு படி கொலு. தெப்பக்குளத்தில் நிஜத் தண்ணீர், அதில் ஒரு பிளாஸ்டிக் வாத்து. பாட்டு முடிந்து, சுண்டல் முடிந்து, அந்த வீட்டு மாமி உள்ளே போய்த் தாம்பூலத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், ரவிக்கைத் துணி. எல்லாவற்றுக்கும் மேலே, மூடியில் ஊதாப்பூ போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அடியில் நீல பேனாவால் ‘சி’ என்று ஓர் எழுத்து. அம்மாவின் கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு முன்பு மொத்தக் கடையில் இரண்டு டஜன் வாங்கி வந்து, சித்தி வீட்டுக்கு என்று ஒதுக்கியபோது போட்ட அடையாளம் அது. சித்தி இருப்பது தாம்பரத்தில். மாமியை அவருக்குத் தெரியவே தெரியாது. நடுவில் எத்தனை கொலு, எத்தனை வளைகாப்பு, எத்தனை கிரகப்பிரவேசம் தாண்டி அந்த டப்பா ஊர் சுற்றியதோ! ஒருவர்கூட அதில் ஒரு பிடி கடுகு போட்டு வைக்கவில்லை. மூடியைச் சுற்றி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

 

‘இந்த வருஷம் ரிட்டர்ன் கிஃப்ட் என்ன?’ என்ற கேள்வி ஆடி மாதமே வாட்ஸ்அப் குழுக்களில் கிளம்பிவிடுகிறது. நவராத்திரி மட்டும் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாள், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று வந்தவர் கையில் எதையாவது கொடுத்தனுப்ப வேண்டிய நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன. அந்தக் குழுக்களில் இப்போது அடிக்கடி வரும் பதில், ‘நாமளே கையால செஞ்சு கொடுத்துடலாமே, செலவும் கம்மி.’ செலவு கம்மிதானா என்று பார்க்க நானும் செய்து பார்த்தேன். செய்கிறவர்கள் பக்கத்திலும் உட்கார்ந்து பார்த்தேன்.

பை மாறியது, உள்ளே இருப்பது மாறவில்லை

ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேரி பேக் எந்தத் தடிமனாக இருந்தாலும் கூடாது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமே வந்தது. மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று கிண்டல் செய்த சினிமாக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது பெரிய திருப்பம்தான். கல்யாண மண்டப வாசலில் தாம்பூலப் பை மறுபடி துணிக்கு வந்திருக்கிறது.

ஆனால், அந்தத் துணிப்பைக்குள் டப்பா இருக்கிறது. தடை, தூக்கி எறிகிற பொருளுக்கு. டப்பாவை யாரும் தூக்கி எறிவதில்லை, பரணில் ஏற்றுகிறார்கள். அதனால் சட்டத்துக்கும் அது அகப்படவில்லை, குப்பை வண்டிக்கும் அகப்படவில்லை.

பீரோவே மூலதனம்

நான் முதலில் கை வைத்தது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில். கையால் செய்யும் பரிசுகளிலேயே எளிது எது என்று கேட்டால், என் ஓட்டு துணிப்பைக்குத்தான். சேலையின் நீளம் 18 அடி, அகலம் 45 அங்குலம். குறுக்கே 9 அங்குலத்துக்கு ஒன்றாகக் கிழித்தால் 24 பட்டை. ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக்கினால் 48 துண்டு. ஒரு துண்டை மடித்து இரண்டு பக்கமும் தைத்து, வாயை மடக்கித் தைத்தால் ஒரு பை. கத்தரிக்கோல்கூட அதிகம் வேண்டாம். பருத்தித் துணியில் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு கொடுத்துக் கிழித்தால், நூல் போகிற வழியில் நேராகக் கிழியும்.

காகிதத்தில் 48 என்றாலும் கையில் கிடைத்தது 39. முந்தானைப் பக்கம் நைந்துபோயிருந்தது. காதுக்கும் துணி வேண்டும். முதல் மூன்று பைகளை நான் உள்வெளி மாற்றித் தைத்துவிட்டேன். பாலியெஸ்டர் சேலையில் இந்த வேலையே வேண்டாம். நேராகவும் கிழியாது, ஓரமும் பிரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது குங்குமம். இது கைவினைப் பட்டியலில் வருமா என்று சிலர் கேட்கலாம். தாம்பூலத் தட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய பொருள், வீட்டிலேயே செய்யக்கூடியது, வாங்கிப் போனவர் தினமும் தொடப்போவது. இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்ன மண் சிமிழில் வைத்துத் துணியால் வாய் கட்டிக் கொடுத்தபோது, ‘எந்தக் கோயில் குங்குமம்?’ என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

▣ குங்குமம் ஏன் சிவக்கிறது?

குண்டு மஞ்சளைச் சிறு துண்டுகளாக உடைக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் வெண்காரத்தையும் படிகாரத்தையும் கரைத்து, மஞ்சளில் ஊற்றிப் பிசிறி ஊறவிட வேண்டும். துண்டின் உள்ளே வரை சிவப்பு ஏறியதும் நிழலில் உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். கடைசியில் சில சொட்டு நெய்.

ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறது அல்லவா? அது சுண்ணாம்பின் காரத்தால் வரும் சிவப்பு. எலுமிச்சை பிழிந்தால் பழையபடி மஞ்சளாகிவிடும். குங்குமத்தில் வேலை செய்வது வேறு. வெண்காரத்தில் இருக்கும் போரான், புளிப்பின் துணையோடு மஞ்சளின் நிறப்பொருளைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சிவப்பு தங்கிவிடும்.

வெண்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். ஊறவைத்த பாத்திரத்தைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும், பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

பாட்டி அரைத்த காகிதம்

கிராமத்து வீடுகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளின் பழைய நோட்டுகள் தொட்டியில் ஊறும். ஊறிய காகிதத்தை வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டுவார்கள். கவிழ்த்த குடத்தின் மேல் அந்தக் கூழை அப்பி, தட்டி, வெயிலில் காயவைத்தால் ஒரு கூடை. ஓட்டை விழுந்த மூங்கில் முறத்துக்கும் அதே கூழைத்தான் பூசுவார்கள். வெந்தயத்தின் வழவழப்பு பசை. அதன் கசப்பு பூச்சிக்குப் பிடிக்காது. கடையில் ஒரு பைசா கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பண்ருட்டியிலும் மதுரை விளாச்சேரியிலும் கொலு பொம்மை செய்கிற கைகளுக்குக் காகிதக்கூழ் பழகிய சரக்கு. களிமண்ணைவிட எடை குறைவு, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. பாட்டி செய்ததும் ஏறக்குறைய அதே வித்தைதான். பொம்மைக்குப் பேர் வந்தது, கூடைக்கு வரவில்லை.

நான் மிக்ஸியில் அரைத்தேன். மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, ஒரு எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, அதன்மேல் கூழை அரை விரல் கனத்துக்கு அப்பினேன். முதல் கிண்ணம் காய்ந்ததும் வெடித்தது, கூழில் தண்ணீர் அதிகம். இரண்டாவது, மழையில் பூசணம் பூத்தது. மூன்றாவது நின்றது. மஞ்சள் கலந்த கூழை மேலே ஒரு பூச்சு பூசி, அதில் வளையலும் பொட்டு அட்டையும் வைத்து அத்தைக்குக் கொடுத்தேன். அத்தை வளையலை எடுத்துவிட்டுக் கிண்ணத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வெந்தய வாசனை வருகிறதா என்று மூக்கருகில் கொண்டுபோனார். வந்திருக்க வேண்டும், முகம் அப்படிச் சொன்னது.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதில் முறுக்கையோ சீடையையோ நேராகக் கொட்டாதீர்கள். செய்தித்தாளில் உணவை மடிப்பது ஆபத்து என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. காரணம் அச்சு மை. காகிதத்தைக் கூழாக்கினாலும் மை எங்கும் போய்விடாது.

ஜிகினா எங்கே போகும்?

இனி கொஞ்சம் மனக்கசப்பு.

ஊரடங்கு காலத்தில் ‘பாட்டில் ஆர்ட்’ என்று ஒன்று பரவியது. காலி பாட்டிலுக்கு வண்ணம் பூசி, மேலே களிமண் பூ ஒட்டி, ஷோகேஸில் நிறுத்துவது. செய்தவருக்கு அந்த நேரத்தில் நிம்மதி கிடைத்திருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். பரிசாக வாங்கியவருக்கு? பூவும் வைக்க முடியாது, தண்ணீரும் ஊற்ற முடியாது. பழைய பேப்பர் கடைக்காரர்கூட அந்தப் பாட்டிலை எடுக்கத் தயங்குவார். கையால் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் பயனுள்ளதாகிவிடாது. ஊதாப்பூ டப்பாவிலாவது என்றைக்காவது கடுகு போடலாம்.

அடுத்த வில்லன் ‘கிட்’. காகிதச் சுருள் வேலைக்கு வேண்டியது நீளமாக வெட்டிய காகிதப் பட்டை, நுனியில் பிளவுள்ள ஓர் ஊசி, பசை. ஐரோப்பிய மடங்களில் புத்தக ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த பொன்பூச்சுக் காகிதத்தைச் சுருட்டி ஒட்டிய துறவிகள்தான் இதன் முன்னோடிகள் என்பார்கள். வீணாகப் போவதில் பிறந்த கலை அது. இன்றைக்கு அதையே அச்சு, சீப்பு, அளவுப் பலகை, பதினாறு நிறப் பட்டை எனப் பெட்டியாக விற்கிறார்கள். ஒரு ஜோடி ஜிமிக்கி செய்துவிட்டு மீதியைப் பரணில் ஏற்றும் வீடுகள் எத்தனை! பட்டு நூல் சுற்றிய வளையலுக்கும் இதே கதிதான். எட்டு நிற நூல், கல் பதிக்க இடுக்கி, குளூ கன் எல்லாம் வாங்கிய பிறகு அந்த வளையல், கடை வளையலைவிட விலை கூடியிருக்கும்.

பள்ளி ‘கிராஃப்ட் புராஜெக்ட்’ பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இரவு ஒன்பது மணிக்குத் தெருமுனை ஸ்டேஷனரி கடையில் நின்று பாருங்கள். தெர்மாகோல் அட்டை, ஜிகினா, குளிர்பானக் குழாய் என்று பட்டியலோடு அம்மாக்கள் நிற்பார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் மதிப்பெண் குழந்தைக்கு, கொப்புளம் அம்மாவின் விரலில். செய்து முடித்த புராஜெக்டையே விற்கிற கடைகளும் உண்டு. அங்கே ‘கையால் செய்தது’ என்பதில் யாருடைய கை என்பது மட்டும் விளங்குவதில்லை.

ஜிகினா சாதாரணமாகப் பிளாஸ்டிக் துகள். தரையைக் கழுவினால் சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகும். பிளாஸ்டிக் நுண்துகள்களைக் கட்டுப்படுத்தும் விதிகளின் கீழ் 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் உதிரி ஜிகினா விற்பனைக்குத் தடை கொண்டுவந்தது. நம் வீட்டில் அதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கோலப்பொடி இருக்கிறது. மசூர் பருப்பின் ஆரஞ்சும் பாசிப்பயறின் பச்சையும் கறுப்பு உளுந்தும் ஒட்டி ஒரு வாழ்த்து அட்டை செய்தால், எந்த ஜிகினாவும் பக்கத்தில் நிற்க முடியாது. எறும்பு வரும். வரட்டுமே, வாழ்த்து அட்டையை எத்தனை நாள் வைத்திருக்கப்போகிறோம்?

▣ அகல் விளக்குக்கு வண்ணம் பூசுகிறவர்கள் கவனிக்க...

வண்ணம் வெளிப்பக்கம் மட்டும். எண்ணெய் நிற்கிற உள்பக்கமும், திரி வைக்கிற மூக்கும் மண்ணாகவே இருக்கட்டும். திரிக்கு அருகே சமிக்கி, லேஸ், பஞ்சு ஒட்டினால் தீப்பிடிக்கும். பூசுவதற்கு முன் அகலை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால், ஏற்றும்போது எண்ணெய் அவ்வளவாகக் குடிக்காது.

‘சும்மாதானே இருக்கே?’

என் அத்தைக்குத் திண்டுக்கல். ஒயர் கூடை பின்னுவார். சாதா முடிச்சில் ஆரம்பித்து பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் வரைக்கும் கைவந்தவர். கூடையின் அளவை அவர் அங்குலத்தில் சொல்ல மாட்டார், ‘ரெண்டு ரோல் கூடை’, ‘மூணு ரோல் கூடை’ என்று ஒயரில்தான் கணக்கு. அடி போட்டு முடித்து, ரன்னிங் ஒயரைச் சுற்றி எழுப்பும்போது கண் கூடைமேல் இருக்காது. டிவியில் இருக்கும். விரல் தானாக ஓடும்.

அந்தக் கூடையைக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: ‘சும்மாதானே இருக்கீங்க, ஒண்ணு போட்டுக் கொடுங்களேன்.’

சும்மா இருப்பவரின் நாள் எப்படிப் போகிறது? மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களுக்கு 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் சமையல், பாத்திரம், துணி என்று போன பிறகு மிஞ்சுவதில்தான் கூடை பின்ன வேண்டும், பை தைக்க வேண்டும், காகிதம் அரைக்க வேண்டும். ‘கையால செஞ்சா செலவு கம்மி’ என்று சொல்லும்போது, இந்த நேரத்துக்கு நாம் பூஜ்யம் போட்டுத்தான் கணக்கை முடிக்கிறோம்.

என் பைகளையே எடுத்துக்கொள்கிறேன். துணிச் செலவு இல்லை. நூலும் ஊசியும் சேர்த்து சில ரூபாய். ஆனால் 39 பைகள், நான்கு ஞாயிற்றுக்கிழமை. நான் ஆசைப்பட்டுச் செய்தேன், அதனால் வருத்தமில்லை. இதையே ‘வீட்டுக்கு ஒரு பை நீ தைச்சுக் கொடுத்துடு’ என்று மருமகள் தலையில் கட்டினால், அது மலிவான பரிசு ஆகாது. செலவை இன்னொருவர் பெயரில் எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான்.

▣ ஒரு கூடையின் கணக்கு

ஒயருக்கும் கைப்பிடிக்கும் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடையை 300 ரூபாய்க்குக் கொடுத்தால் ‘பாதிக்குப் பாதி லாபம்’ என்று தோன்றும். பின்னுவதற்கு எட்டு மணி நேரம் ஆனால், கிடைத்தது மணிக்கு 18 ரூபாய் 75 காசு. மொத்தம் 150 ரூபாய்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் நிர்ணயித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியை எட்டவே கூடையின் விலை 486 ரூபாய் ஆக வேண்டும். போக்குவரத்து, விற்காமல் தங்கும் கூடை, முதுகுவலித் தைலம் எதுவும் இதில் சேரவில்லை.

ஆச்சிகளின் கொட்டான்

வீட்டுக் கைவேலை விற்பனைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் செட்டிநாட்டில் ஒரு பாடம் இருக்கிறது. பனையோலையில் முடைந்து, சாயம் ஏற்றி, விளிம்பில் மணியும் நூல் பின்னலும் கோத்த கொட்டான்களை நகரத்தார் வீட்டு ஆச்சிகள் தாங்களே செய்வார்கள். கல்யாணச் சீரில், விசேஷத்தில், பலகாரம் வைத்துக் கொடுப்பதற்கு. விற்பதற்காகச் செய்ததில்லை. மதியப் பொழுது நீளமாக இருந்த வீடுகளின் கலை அது. பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று போய், பெரிய வீடுகள் பூட்டப்பட்டபோது கொட்டானும் அருகியது. அந்த இடத்துக்கு வந்தது, வேறென்ன, பிளாஸ்டிக் டப்பா.

விசாலாட்சி ராமசாமி நடத்தும் எம்.ஆர்.எம்.ஆர்.எம். அறக்கட்டளை காரைக்குடி வட்டாரத்துக் கிராமப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது. பழைய மாதிரிகளைத் தேடி எடுத்துப் பின்னவைத்தார்கள். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆச்சி பொழுதுபோக்காகச் செய்ததை, இப்போது ஊதியத்துக்காக வேறொரு பெண் செய்கிறார். உயிர் பிழைத்தது, கூலி கிடைக்கும் வேலையாக மாறியதால்தான். ஆசையாலும் பெருமையாலும் மட்டும் பிழைத்திருக்காது என்பது என் எண்ணம்.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருட்கள் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் விற்பனைக்கு வரும். ‘பூம்புகார்’ ஆண்டுதோறும் கொலுக் கண்காட்சி நடத்துகிறது. இங்கெல்லாம் போகிறவர்கள் முதலில் செய்வது பேரம். மாலில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பணம் கட்டுகிற அதே கை, மண் விளக்குக்கு முன்னால் ‘அஞ்சு ரூபா குறைச்சுக்கோங்க’ என்று நீள்கிறது. என் கையும்தான். இப்போது கொஞ்சம் கூச்சம் வந்திருக்கிறது.

காலண்டரில் 4.10

கூடைக் கணக்கை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். நம்பவில்லை. ‘எட்டு மணி நேரமா? நான் டிவி பாத்துக்கிட்டே பின்றதுக்கு எவன்டி கூலி குடுப்பான்?’ என்றார். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில், உட்காரும் நேரத்தையும் எழும் நேரத்தையும் குறிக்கச் சொன்னேன். ஒரு மூணு ரோல் கூடைக்கு எழுதியதைக் கூட்டிப் பார்த்தால் பதினோரு மணி நேரம் வந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. தாள்களை மடித்து அஞ்சறைப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு நான்கு பேர் கூடை கேட்டிருந்தார்கள். அத்தை விலையை ஏற்றிச் சொன்னார். இரண்டு பேர் ‘கடையிலேயே இதைவிடக் கம்மிக்குக் கெடைக்குதே’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒருவர் பேசாமல் பணம் கொடுத்தார். நான்காமவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒதுங்கியவர் ஒருவருக்காகப் போட்ட அடி, பச்சையும் வெள்ளையுமாகப் பாதியில் கிடக்கிறது. முடிச்சு விழுந்த ஒயரைப் பிரித்தால் மடிப்பு போகாது, வேறு கூடைக்கு உதவாது. அன்று நான் கிளம்பும்போது அத்தை அதை மடியில் எடுத்து வைத்திருந்தார். காலண்டரில் 4.10 என்று குறித்திருந்தது. வாசலில் பால்காரர் மணியடித்தார். எழுந்து போய்ப் பாலை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர், பேனாவைத் தேடி எடுத்து, 4.35 என்று எழுதினார்.